கண்ணை விட்டுட்டு கேமரா வாங்காதீங்க!

மதுரைக்காரர் ஒருவர், என் நண்பர். வயது ஐம்பதை நெருங்குகிறது. கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் தெரியாது. மாசி வீதிக் கூட்டத்துக்குள் நின்று படம் எடுக்கணும் என்று நெடுநாள் ஆசை. பி.எஃப். பணம் வந்ததும் பழைய லைகா எம்3 ஒன்றை வாங்கிவிட்டார். கூடவே 35 மி.மீ. லென்ஸ். ‘பிரெஸ்ஸோன் கையில இருந்த கேமரா சார்’ என்று யாரோ உசுப்பேற்றியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், கேமரா பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் தூங்குகிறது. “என் கண்ணு சரியில்லைங்க” என்கிறார்.

கண் சரியாகத்தான் இருக்கிறது. தப்பு, தேர்வில்.

ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேல் மூலையில் இருக்கும் குட்டி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். நடுவில் இரண்டாகத் தெரியும் பிம்பம் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ். சுற்றிலும் வெள்ளைக் கோடுகள். அதற்குள் விழுவதுதான் படம். அப்படியென்றால் முதல் கேள்வி என்ன? உங்கள் லென்ஸுக்கு அதில் கோடு இருக்கிறதா? இருந்தால், அது உங்கள் கண்ணுக்கு முழுசாகத் தெரிகிறதா?

1954-ல் வந்த எம்3, காட்சியை 0.91 மடங்கில் காட்டும். 50, 90, 135 லென்ஸுக்குத்தான் கோடு. நண்பரின் 35-க்குக் கோடே கிடையாது! அடுத்து வந்த எம்2, 0.72 மடங்கு, அதில் 35-க்குக் கோடு உண்டு. பிற்பாடு எம்6 டி.டி.எல். கேமராவை 0.58, 0.72, 0.85 என்று மூன்று ரகமாகவே விற்றார்கள். எண் சின்னதானால் ஜன்னலில் தெரியும் பரப்பு அதிகம்.

கண்ணாடி போட்டவரின் கண், ஜன்னலை ஒட்டி நிற்காது. ஓரத்துக் கோடுகள் மறைந்துபோகும். 0.72-ல் 28 லென்ஸின் கோட்டைக் கண்ணாடியோடு முழுசாகப் பார்ப்பது கஷ்டம், 0.58-ல் வசதி. ஆனால் சும்மா கிடைக்காது. மடங்கு குறைந்தால் ஃபோகஸ் துல்லியமும் குறையும். 90 லென்ஸை முழுசாகத் திறந்து ஒரு முகத்தை எடுத்தால், கண்ணுக்குப் பதில் காது பளிச்சென்று விழும். முகம் எடுக்கிறவருக்கு எம்3 சொக்கத் தங்கம். தெருவை எடுக்கும் கண்ணாடிக்காரருக்கு அது தண்டம். பல லட்சம் கொட்டி 2022-ல் வந்த எம்11 வாங்கினாலும் ஜன்னல் 0.73 மடங்குதான்.

“பழகினால் சரியாப் போயிடும்” என்பார்கள். தெரியாத கோட்டை எப்படி சார் பழகுவது?

லைகா எம் ஜன்னலில் காட்சி சுமார் 2 மீட்டர் தள்ளி இருப்பதுபோலத்தான் கண்ணுக்குப் படும். ஆகவே வெள்ளெழுத்துக் கண்ணாடி அங்கே உதவாது; தூரப் பார்வைக் கண்ணாடிதான் வேண்டும். ஜன்னலில் திருகி மாட்டும் பவர் லென்ஸ் கிடைக்கிறது. ஆனால் சிலிண்டர் பவர் உள்ளவருக்கு அது சாதாரணமாகப் போதாது. கண்ணாடியைக் கழற்ற முடியாது.

இதைப் போய் மதுரையில் சொல்ல வேண்டியிருக்கிறதே! 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்புரைக்கு லென்ஸ் வைக்கும் முன் கண்ணை அளந்துதான் பவரை முடிவு செய்வார்கள். “போன வாரம் ஒரு பெரிய மனிதருக்கு வைத்தேன், அதையே உங்களுக்கும் வைக்கிறேன்” என்று ஒரு டாக்டர் சொன்னால், படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவர மாட்டீர்களா? கேமரா விஷயத்தில் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

இன்னொன்று. பிரெஸ்ஸோன் மதுரையில் படம் எடுத்தது 1950-ல். அப்போது எம்3 பிறக்கவே இல்லை! அவருக்குப் பெரும்பாலும் 50 லென்ஸே போதுமாக இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

நீங்களும் வீட்டிலேயே லென்ஸை முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். தினமும் போடும் கண்ணாடியோடு கடைக்குப் போங்கள். அந்த லென்ஸை மாட்டச் சொல்லி ஜன்னலில் பாருங்கள். கோட்டின் நாலு மூலையும் ஒரே பார்வையில் தெரிகிறதா? தெரியலைன்னா, அது எந்த மகான் கையிலிருந்த கேமராவாக இருந்தாலும் சரி, ஒரு வணக்கம் போட்டுட்டு வெளியே வந்துடுங்க. பர்ஸை அப்புறம் திறக்கலாம்.