அரைக் கட்டைப் பிசகு

மிக்ஸி ஜார் ஒழுகினால் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறோம். சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றால் பில்லோடு திரும்பிப் போகிறோம். காசு கொடுத்து வாங்கிய பழைய படப்பாட்டு சிடி அரைக் கட்டை ஏறி ஓடினால் மட்டும், அதைச் சொல்கிறவனுக்குத்தான் ஏதோ கோளாறு. "பாட்டக் கேளுப்பா, அளந்துக்கிட்டு இருக்காத" என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள். எனக்கு எரிச்சலே அங்கேதான் தொடங்குகிறது.

அரைக் கட்டை என்பது சின்ன விஷயம் இல்லை. மதுரையில் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். எண்பதுகளின் ராஜா பாட்டு ஒன்றைப் பழக உட்கார்ந்தால், செயலியில் வரும் பாட்டு நாலு கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ தொங்குகிறது என்கிறார். எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒட்டாது. அவர் வாத்தியத்தையே கொஞ்சம் திருகி ஏற்றிக்கொண்டு பழகுகிறார். ஸ்டூடியோவில் ஐம்பது பேர் உட்கார்ந்து ஸ்ருதி சேர்த்து வாசித்த பாட்டு அது. இரண்டு கட்டைக்கு நடுவில் வாசிக்க அவர்களுக்கு என்ன வேண்டுதலா?

நடந்திருக்கக்கூடியது என்ன என்பது ஓரளவுக்கு எளிய கணக்குதான். வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடினால் அரைக் கட்டை ஏறும். சினிமா நொடிக்கு 24 பிரேம், நம்மூர் டிவி 25. படத்தை டிவிக்கு மாற்றும்போது அப்படியே ஓட்டிவிட்டால் இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும், பாட்டு கால் கட்டையைத் தாண்டி ஏறிவிடும். மூல நாடா கிடைக்காதபோது அந்த வீடியோவிலிருந்து பாட்டை உருவினால், ஏறியது ஏறியதுதான். இன்னொரு விதம்: 48,000 மாதிரிகளில் பதிந்த டிஜிட்டல் நாடாவை 44,100 என்று நினைத்து ஓட்டினால், கிட்டத்தட்ட முக்கால் கட்டை இறங்கிவிடும், பாடகருக்குத் தொண்டை கட்டியது மாதிரி இருக்கும். கேசட்டிலிருந்து எடுத்தால் ஹெட் கோணம் சரியில்லாமல் ஜால்ராவும் வயலினின் மேல்முனையும் மழுங்கும். பிறகு இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளைப் பிடித்து அழுத்தினால் தம்புராவும் பாடகியின் மூச்சும் சேர்ந்து போகும். ஸ்டீரியோவில் ஒரு பக்கம் தலைகீழாகப் பதிவாகியிருந்தால் இன்னும் வேடிக்கை. அதை ஒற்றை ஸ்பீக்கர் போனில் கேட்டால் நடுவில் நிற்கும் குரல் காணாமல் போய் வாத்தியம் மட்டும் மிஞ்சும்.

இதற்கெல்லாம் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. பழைய பதிவுகளில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் அடியில் இருக்கும். அது 52-இல் கேட்டால் 4 சதவீதம் வேகமோ என்று சந்தேகப்படலாம். (நம்ம தென்னிந்திய மின்தொகுப்பு ஒருகாலத்தில் 50-இல் நிலையாக நின்றதில்லை, ஆகவே இதை மட்டும் நம்பி யாரையும் திட்ட முடியாது.) கூடவே பாட்டில் வரும் கீபோர்டின் ஸ்ருதியைப் பார்க்க வேண்டும், பழைய இசைத்தட்டோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இதைத்தான் சில ரசிகர்கள் ராத்திரி கண்விழித்து இலவசமாகச் செய்கிறார்கள். பிழை கண்டுபிடித்து எழுதுவதற்கு எங்கள் அலுவலகத்தில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறோம்.

பிசகு படப்பாட்டோடு நிற்பதில்லை. 78 தட்டு என்கிறோமே, அவை எல்லாம் 78 சுற்றில் பதிவானவை அல்ல. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் பதிவுக்குப் பதிவு, சில சுற்றுகள் கூடும், குறையும். 74-இல் வெட்டிய தட்டை 78-இல் ஓட்டி டிஜிட்டலாக்கினால் அரைக் கட்டையை நெருங்கிவிடும், குரலும் மெலிந்து இளசாகும். 1916-இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சிறுமியாக, இளம்பெண்ணாகப் பாடிய தட்டுகளை மறுவெளியீட்டில் கேட்கும்போது நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: இந்த மெல்லிய குரல் அவருடையதா, மோட்டாருடையதா? எந்த வேகத்தில் ஓட்டினோம், ஏன் என்று உறையில் ஒரு வரி போட்டால் இந்தக் கேள்வியே எழாது. அந்த வரி இல்லை. ஓவியத்தை நிறம் மாற்றி அச்சடித்தால் கொதிக்கிற நாம் குரலை மாற்றினால் 'ஆஹா, தேன்' என்கிறோம்.

இப்போது எல்பிக்கு மறுபடி மவுசு. பளபளப்பான உறை, உள்ளே கனமான தட்டு, மூவாயிரத்துக்கு மேல் விலை. நான் வாங்கிய ஒன்றில் மையத் துளை விலகியிருந்தது. தட்டு 33⅓ சுற்று என்பதால் 1.8 நொடிக்கு ஒருமுறை பாட்டு ஏறி இறங்கும். துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலே உள்வட்டப் பாட்டில் வேகம் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் அலையும். தாளக்கருவியில் இது தெரியாது. நாகஸ்வரத்தின் நீண்ட ஸ்வரத்தில், தந்திக் கூட்டத்தின் இழுப்பில் கப்பலில் உட்கார்ந்து கேட்பதுபோல வயிற்றைப் புரட்டும். விற்றவரிடம் சொன்னேன். "உங்க பிளேயர் சரியில்லை சார்." ஊசி தட்டின் மேல் இடவலமாக ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். மாற்றித் தந்தார்கள். மாற்றித் தந்ததிலும் அதே விலகல். மூன்றாவது முறை பதிலே இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டில் நடக்காது என்று சொல்ல வரவில்லை. ஜாஸின் வேதப்புத்தகம் மாதிரி கொண்டாடப்படும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-இல் வெளிவந்தது. பதிவு செய்த இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால் முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் தட்டில் ஸ்ருதி ஏறி ஒலித்தன. 33 ஆண்டுகள் உலகம் அதைக் கேட்டு உருகியது, இளம் கலைஞர்கள் அதோடு சேர்ந்து வாசித்துப் பழகினார்கள். 1992-இல், சரியான வேகத்தில் ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் நாடாவிலிருந்து திருத்தி வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அடித்த சிடிக்களில் ஒரு பகுதி, பூச்சு சரியில்லாமல், உறைக் காகிதத்தின் கந்தகம் பட்டு வெண்கல நிறத்தில் அரித்துப்போனது. ஆலை ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. பிழை எல்லா ஊரிலும் நேரும். ஒப்புக்கொள்வதும், திருத்திய பதிப்பு இது என்று அச்சிடுவதும்தான் நான் கேட்பவை.

இங்கே பேச்செல்லாம் பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியே. இளையராஜாவுக்கும் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் இடையே சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு. இசையமைப்பாளரின் உரிமை பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இந்த மொத்தச் சண்டையையும் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து பார்க்கிற நாம், சண்டை போடப்படுகிற அந்தப் பொருள் சரியான வேகத்தில்தான் ஓடுகிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை தருகிறது. அந்த 60 ஆண்டில் நாடாவைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றவோ, பிசகாமல் மறுவெளியீடு செய்யவோ சட்டம் கேட்பதில்லை. ரசிகன் தன்னிடமிருக்கும் நல்ல தட்டிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டால், உடனே உரிமைக்காரர் விழித்துக்கொள்வார். சரியான பாட்டு நீக்கப்படும், பிசகிய பாட்டு 'அதிகாரபூர்வம்' என்ற முத்திரையோடு நிற்கும். சிடி பிசகினாலும் வீட்டில் பழைய தட்டு இருந்தது. இன்று எல்லாச் செயலிக்கும் போவது அதே ஒரு கோப்பு.

ரசிகர்களையும் சும்மா விட முடியாது. நல்ல தட்டு வைத்திருக்கும் ஆசாமிகள் சிலர் அதைக் குலதெய்வ நகை மாதிரி பூட்டி வைத்திருக்கிறார்கள். 'என்கிட்ட இருக்கு' என்று சொல்வதோடு சரி, கேட்டால் சிரிப்பார்கள். இன்னொரு கூட்டம், ஸ்ருதிப் பிசகு என்றாலே 'ராஜாவையே குறை சொல்றியா' என்று பாயும். அவர் வாசிக்க வைத்ததைக் கெடுத்தவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்பதுகூட உறைக்காத பக்தி அது.

சிடியும் எல்பியும் சட்டப்படி சரக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சரக்கின் தரக் குறைபாட்டைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது, மதுரையிலும் மாவட்ட ஆணையம் இருக்கிறது. துளை விலகிய என் இரண்டு தட்டுகளோடும் வீடியோவோடும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வக்கீல் நண்பர் சிரித்தார். "தட்டு விலை மூவாயிரம், நீ அலையிற பெட்ரோலுக்குப் பத்தாது" என்றார்.

அலைச்சல் எனக்குப் புதிதில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மைக் செட்காரர்களைத் தேடி இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். காதுகுத்துக்கும் சடங்குக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரையே எழுப்பியவர்கள். கம்பெனி கிடங்கில் இல்லாத பிரதிகள் இவர்களிடம் இருக்கலாம், ஓட்டி ஓட்டித் தேய்ந்திருந்தாலும் வேகம் சரியாக இருக்கும். ஒரு பெரியவரிடம் நானூறுக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார், அறுபது முடிந்திருக்கிறது. மிச்சம் அவர் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் இருக்கிறது. போன சித்திரை வெயிலில் மேலடுக்கில் இருந்த ஏழு தட்டுகள் அப்பளமாக வளைந்துவிட்டன.