உருண்டை வீசினால் வாவி சுத்தமாகுமா?



மட்டக்களப்பு வாவியில் பாசி படர்ந்து நாற்றம் எழும்போதெல்லாம் நமதூரில் ஒரு பேச்சு கிளம்புகிறது: "ஈஎம் மண் உருண்டை போடுவோம், எல்லாம் சரியாகிவிடும்." பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வீசச் சொன்னால் படம் நன்றாக வரும். வாவி சுத்தமாகுமா?

ஈஎம் என்பது ஜப்பானின் ஒகினாவாவில் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் அறிமுகப்படுத்திய நுண்ணங்கிக் கலவை. லக்டிக் அமில பற்றீரியா, மதுவம், ஒளித்தொகுப்பு பற்றீரியா எல்லாம் அதில் உண்டு. ஆனால் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பரிந்துரைக்கப்படும் அளவில் போட்ட உருண்டைகள் நீலப்பச்சைப் பாசியைக் கட்டுப்படுத்தவில்லை.

காரணம் எளிது. நுண்ணங்கிகள் கழிவை உக்கச் செய்யும். நைதரசனில் ஒரு பகுதியை வாயுவாக்கி வெளியே அனுப்பும். பொசுபரசுக்கு அந்த வழி இல்லை. அது சேற்றில் தங்கி, மீண்டும் நீரில் கரைந்து, பாசிக்கே தீனியாகும். ஒரு பக்கம் வடிகானால் தீனி போட்டுக்கொண்டு மறுபக்கம் உருண்டை வீசினால் எப்படித் தீரும்?

நாம் நல்ல நுண்ணங்கிகளுக்கு எதிரிகள் அல்ல. இந்த வாவியின் சேற்றிலும் கண்டல் வேர்களிலும் அவை காலங்காலமாகக் கூலியில்லாமல் உழைக்கின்றன. கண்டலை வெட்டி, கரையை மண் கொட்டி நிரப்பி, அவற்றின் வீட்டை உடைத்துவிட்டு, வாளியில் புது வேலையாட்களைக் கொண்டுவருவது என்ன நியாயம்?

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அவர்களின் உம்மத் வாழும் ஊரில் மலசலகூடக் குழியின் குழாய் வடிகானுக்குத் திறந்திருக்கலாமா?

ஆகவே நமது கோரிக்கை மூன்று. வடிகானுக்குத் திறந்திருக்கும் மலக்குழிக் குழாய்களை நகர சபை மூடட்டும். வடிகான் வாவியைச் சேருமிடத்தில் நாணலும் புல்லும் வளரும் ஈரநிலம் அமைக்கட்டும். நுண்ணங்கிகள் அந்த வேர்களில் குடியேறி வேலை செய்யும். கரையை நிரப்புவதும் கண்டலை வெட்டுவதும் இன்றோடு நிற்கட்டும்.

பள்ளிவாசல் நிருவாகங்களும் ஜும்ஆவில் இதைப் பேச வேண்டும். உருண்டைக்குப் பணம் சேர்க்க வருபவரிடம் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: குழாயை எப்போது மூடுகிறீர்கள்?