மின்நிலையமும் ஊரின் படமும்

ஜேடர்பாளையம் காவேரி நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஊர். அல்லாள இளைய நாயகர் வெட்டுவித்ததென்று ஜனங்கள் இன்றளவும் போற்றும் ராஜவாய்க்கால் அங்கே தலையெடுத்து, கரும்புக்கும் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் உயிரளித்து வருகிறது. நிலத்தின் மேடு பள்ளத்தை நன்கறியாதவர் அதன் தலைமடைக்கு இடம் குறித்திருக்க முடியாது. மின்சாரத்தைப் பங்கிடும் துணை மின்நிலையங்களுக்கு இடம் குறிப்பவர்களும் அத்தகைய அறிவுடன் காரியம் செய்ய வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

இது அற்ப விஷயமன்று. ஒரே கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால், வழியில் வெப்பமாக வீணாகும் சக்தி நான்கு மடங்காகும். ஆகையால் உயர்ந்த அழுத்தத்தில் வரும் மின்சாரத்தைத் தேவையுள்ள இடத்துக்கு அருகிலேயே குறைத்துக் கொடுப்பதுதான் சிக்கனம். நிலையம் தூரத்தில் அமைந்தால் கடைக்கோடிக் குடியானவனின் கிணற்று மோட்டார் அழுத்தக் குறைவால் சூடேறிக் கருகும், பயிர் வாடும். தவறாகக் குறித்த இடத்துக்கான அபராதத்தை அவன் பல ஆண்டுகள் செலுத்த நேரிடும்.

இக்காலத்தில் இதற்குச் சிறந்த கருவி கிடைத்திருக்கிறது. கிணறுகள், ஆலைகள், சாலைகள், மின்பாதைகள், வெள்ளம் ஏறும் எல்லை, நன்செய், புன்செய், புறம்போக்கு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் பொருத்திப் பார்த்தால், எவ்விடம் தகும், எவ்விடம் தகாது என்பது தெளிவாகும். 2008-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய மின்விநியோகச் சீர்திருத்தத் திட்டத்தில் இத்தகைய படங்கள் தயாரிக்க வழி செய்யப்பட்டது. ஆனால் அது பொதுவாக 30,000-க்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரங்களுக்கே உரியதாயிற்று. பம்பு செட்டை நம்பி வாழும் கிராமங்களுக்கன்றோ இது முதலில் வேண்டும்?

காவேரிக் கரையில் வேறோர் எச்சரிக்கையும் அவசியம். 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2018 ஆகஸ்டில் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளில் நீர் புகுந்ததைக் கண்டோம். புறம்போக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று ஆற்றோரத் தாழ்நிலத்தில் நிலையத்தை நிறுவினால், வெள்ளத்தன்று ஜில்லாவின் ஒரு பகுதியே இருளில் மூழ்கும்.

எனினும் படம் மாத்திரம் நியாயம் வழங்கிவிடாது. சத்தீஸ்கரிலுள்ள ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை அமைத்தபோது, 2018-ல் மேற்கு ஜில்லாக்களின் விவசாயிகள் உண்ணாவிரதமிருந்து போராடினார்கள். அத்திட்டத்துக்கு வரைபடம் இல்லாமலில்லை. தங்கள் வயலில் கோபுரம் எழுவதைப் பற்றித் தங்களைக் கலந்து கொள்ளவில்லை என்பதே அவர்களது மனக்குறை. அதிகாரிகளின் மேஜையில் மட்டும் விரிக்கப்படும் படம் குடியானவனுக்கு ஓலைபோல வந்து சேரும் உத்தரவேயாகும்.

இடத்தை முன்கூட்டித் தெரிவித்தால் நிலத்தின் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இதில் உண்மை உண்டு, பரிகாரமும் உண்டு. ஓரிடத்தை மட்டும் சொல்லாமல், தகுதியுள்ள மூன்று இடங்களையும், அவற்றின் செலவையும், மின்னிழப்பையும், எடுக்கப்படும் நிலத்தின் அளவையும் தமிழில் எழுதிக் கிராம சபையின் முன் வைக்கட்டும். அங்கே ஊரார் சொல்லும் ஆட்சேபங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை ஏற்றதற்கோ தள்ளியதற்கோ காரணம் கூறட்டும். இரகசியமாக வைப்பதால் லாபமடைபவர் செய்தியை முன்னமே அறியும் செல்வாக்குள்ளோர் மாத்திரமே.

மேட்டூர் மின்சாரம் 1937-ல் பாயத் தொடங்கிய காலத்தில் அதைப் பெறுவதே பாக்கியமாயிருந்தது. இன்று அது பிரஜைகளின் உரிமை. அந்த உரிமை ஊருக்குள் எவ்வழியே வருகிறதென்பதைக் கேட்கவும் ஊராருக்குப் பாத்தியதை உண்டு. மின்வாரியத்தார் படத்தை வரையட்டும். வரைந்ததை மறைக்காமல் ஊர்ச் சாவடியில் மாட்டட்டும்.