இல்லும் இன்மையும்

தமிழில் ‘இல்’ என்னும் சொல் வீட்டையும் குறிக்கும்; இல்லாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே நின்ற இடம் மன்னார்.

போருக்குப் பின், 2012இல் விரிவுபெற்ற இந்திய வீட்டுத் திட்டம் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபாவைத் தவணை முறையில் வழங்கிற்று. அப்பட்டியலில் இடம்பெறாதோர் அடுத்த பட்டியலை நோக்கியிருந்தனர். தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் திட்டத்திற் பெயர் வந்ததும் பலர் கொட்டிலைப் பிரித்து அத்திவாரமிட்டனர். 2019 நவம்பரில் ஆட்சி மாறிற்று, தவணைகள் தடைப்பட்டன. கடன்பட்டுச் சுவரெழுப்பியோர் கூரைக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். உப்புக்காற்று வீசும் கரையில், மூடாத கம்பி விரைந்து துருவேறும். காற்றுக்குத் தேர்தல் தெரியாது.

ஆட்சி மாறலாம், அரசின் வாக்கு மாறலாகாது. ஓர் அரசாங்கம் இடுவித்த அத்திவாரத்தின்மேல் அடுத்த அரசாங்கம் கூரையிடுவதே முறை. புதிய பட்டியல் எழுதுமுன் பழைய பட்டியல் நிறைவேறல் வேண்டும். எவர் எத்தனையாவது இடத்தில் நிற்கின்றார் என்பதைப் பிரதேச செயலக வாயிலில் யாவரும் காண எழுதிவைத்தலும் வேண்டும்.

இல்லறத்தின் மாண்பை வகுப்பில் விரித்துரைக்கும் ஆசிரியர்களே, மாணவர்களே! இல்லமின்றி இல்லறம் ஏது? இக்கேள்வியை அரசியலாருக்கே விட்டுவிடுதல் நமக்குத் தகாது.