எச்.ஐ.வி தடுப்பூசிச் சோதனை: நலமாக இருந்து ஊசி போட்டுக்கொள்வோருக்கு என்ன உத்தரவாதம்?

எச்.ஐ.வி கிருமிக்கு எதிரான புதிய தடுப்பூசியை முதன்முதலில் போட்டுக்கொள்பவர் நோயாளி அல்லர். கிருமித்தொற்று இல்லாத, நல்ல உடல்நலத்துடன் இருக்கும் ஒருவர்தான் அவர். அந்த ஊசி அவரைக் காப்பாற்றும் என்று யாரும் வாக்குறுதி தருவதில்லை. பிறருக்காகத் தம் உடலைத் தர முன்வருகிறார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஆய்வு உலகம் எதற்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டும் என்ற கேள்வி இப்போது மீண்டும் எழுந்துள்ளது. எம்ஆர்என்ஏ தொழில்நுட்பத்தில் உருவான எச்.ஐ.வி தடுப்பூசிகளை அமெரிக்காவில் 108 பெரியவர்களுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வின் முடிவுகள் 2025 ஜூலையில் வெளியாயின. ஒரு வகைத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்களில் 80 விழுக்காட்டினரின் உடலில் கிருமியை முடக்கும் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகியிருந்தன. ஆய்வாளர்களுக்கு இது பெரிய ஊக்கம்.

ஆனால், பங்கேற்றவர்களில் 7 பேருக்கு உடலில் அரிப்புடன் கூடிய தடிப்புகள் தோன்றின. சிலருக்கு அவை ஆறு வாரங்களுக்கு மேலும் நீடித்தன. அதே தொழில்நுட்பத்தில் நடந்த வேறோர் ஆய்விலும் சுமார் 18 விழுக்காட்டினருக்குத் தோல் பாதிப்புகள் ஏற்பட்டன. உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும், நலமாக இருந்தவருக்கு ஊசியால் வந்த தொல்லை என்பதால் இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

முதல் கட்டத்தின் வேலை

மனிதர்களிடம் தடுப்பூசி மூன்று கட்டங்களாகச் சோதிக்கப்படுகிறது. முதல் கட்டத்தின் முதன்மைக் கேள்வி ‘இது பலன் தருமா?’ என்பதன்று, ‘இது பாதுகாப்பானதா?’ என்பதே. சில பத்துப் பேர் முதல் நூற்றுச் சொச்சம் பேர் வரை இதில் சேர்க்கப்படுவர்.

பெரும்பாலும் 18 வயதுக்கு மேற்பட்ட, தொற்று அபாயம் குறைந்தவர்களே தேர்வாகின்றனர். ஆய்வின் நோக்கமும் ஆபத்தும் அவர்களுக்குப் புரிந்துள்ளனவா என்று கேள்வி கேட்டு உறுதிசெய்த பிறகே ஒப்புதல் பெறப்படும். முதலில் குறைந்த அளவு மருந்து கொடுக்கப்படும். தரவுகளைப் பாதுகாப்புக் குழு பார்த்து இசைவு தந்தால்தான் அளவு கூட்டப்படும்.

பலருக்கும் உள்ள அச்சம், ‘ஊசியாலேயே எச்.ஐ.வி வந்துவிடுமா?’ என்பது. வராது. இந்தத் தடுப்பூசிகளில் முழுக் கிருமி இல்லை. கிருமியின் ஒரு சிறு பகுதியோ அதை உருவாக்குவதற்கான மரபுக் குறிப்போதான் உள்ளது.

சிறு கூட்டத்தில் தெரியாத ஆபத்து

எனினும், முதல் கட்டத்தில் தேறிவிட்டால் கவலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மெர்க் நிறுவனத்தின் தடுப்பூசி அதற்குச் சான்று. சளிக்காய்ச்சலை உண்டாக்கும் அடினோ கிருமியை வலுவிழக்கச் செய்து, அதன் மீது எச்.ஐ.வியின் மரபுக்கூறுகளை ஏற்றி அது உருவாக்கப்பட்டது. தொடக்கச் சோதனைகளில் பெரிய குறை தென்படவில்லை.

பின்னர், சுமார் 3,000 பேரிடம் நடந்த அடுத்த சோதனை 2007 செப்டம்பரில் பாதியில் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி பலன் தரவில்லை. அதோடு, அந்த அடினோ கிருமிக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த, விருத்தசேதனம் செய்யாத ஆண்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தொற்று கூடுதலாக இருந்தது தெரியவந்தது. ஊசி கிருமியைத் தரவில்லை. தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பைக் கூட்டியிருக்கலாம் என்பதே கவலை. சில பத்துப் பேரிடம் இதைக் கண்டறிந்திருக்க முடியாது. ஊசி போட்டு முடிந்த பின்னும் பங்கேற்பாளர்களை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சென்னையின் பங்கு

இந்தச் சோதனைகளில் தமிழகத்திற்கும் இடமுண்டு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்று 1986-இல் கண்டறியப்பட்டது சென்னையில். சரியாக 20 ஆண்டுகள் கழித்து, 2006-இல் அதே நகரில், காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எச்.ஐ.வி தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. இந்தியாவில் அதிகம் காணப்படும் ‘சி’ வகைக் கிருமியை அடிப்படையாகக் கொண்ட அந்த ஊசியின் சோதனையில் தொற்றில்லாத 32 பேர் பங்கேற்றனர்.

பாதுகாப்பில் பெரிய சிக்கல் எழவில்லை. ஆனால், நோயெதிர்ப்பாற்றல் மிதமாகவே இருந்தது. வேறொரு தடுப்பூசியுடன் சேர்த்துச் சென்னையிலும் புனேயிலும் அது மீண்டும் சோதிக்கப்பட்டது. பெரிய அளவிலான சோதனைக்கு அது செல்லவில்லை. இருப்பினும், எச்.ஐ.வி என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொன்ன ஒரு சமூகத்தில் அதன் தடுப்பூசிக்குக் கை நீட்ட 32 பேர் முன்வந்தது சிறிய செயலன்று.

உடலைத் தாண்டிய சிக்கல்

தன்னார்வலர் சந்திக்கும் இன்னொரு சிக்கல் ரத்தப் பரிசோதனையில் உள்ளது. வழக்கமான எச்.ஐ.வி பரிசோதனைகள் பெரும்பாலும் உடலில் உள்ள எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகின்றன. தடுப்பூசியும் அதே புரதத்தை உருவாக்கக்கூடும். அதனால், தொற்றே இல்லாதவருக்கும் ‘தொற்று உண்டு’ என்று முடிவு வரலாம். சிலருக்கு இந்நிலை பல ஆண்டுகள் நீடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோவிட் தடுப்பூசி 2020 டிசம்பரில் இதனாலேயே கைவிடப்பட்டது. அதில் எச்.ஐ.வி புரதத்தின் ஒரு சிறு துண்டு சேர்க்கப்பட்டிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட யாருக்கும் தொற்று இல்லை. ஆயினும் சிலருக்குப் பரிசோதனை முடிவு தவறாக வந்தது.

இதன் விளைவு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்களுக்கு எளிதில் விளங்கும. இங்கு வேலைக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எச்.ஐ.வி பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மலேசியாவில் முஸ்லிம் இணையர்களுக்குத் திருமணத்திற்கு முன்பும் அந்தப் பரிசோதனை உண்டு. தடுப்பூசிச் சோதனையில் பங்கேற்ற ஒருவர் வேலை தேடிக் கடல் கடந்து வந்தால், ஒரு தவறான முடிவே அவரைத் திருப்பி அனுப்பப் போதுமானது. ரத்ததானம், காப்புறுதி ஆகியவற்றிலும் இதே இடர் உண்டு.

கிருமியின் மரபுப் பொருளையே நேரடியாகத் தேடும் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். ஆகவேதான் பெரிய ஆய்வுக் கட்டமைப்புகள் பங்கேற்றவர்களுக்கு அடையாள அட்டை தருகின்றன. சோதனை முடிந்த பிறகும் இலவசமாக மறுபரிசோதனை செய்கின்றன.

பணம் நின்றால் வாக்கு என்னாகும்?

இந்த ஏற்பாடுகள் எல்லாம் நிதியை நம்பியுள்ளன. அந்த நிதிதான் 2025-இல் ஆட்டம் கண்டது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஜனவரியில் நிறுத்தியபோது, ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ‘பிரில்லியன்ட்’ தடுப்பூசித் திட்டம் பாதிக்கப்பட்டது. மே மாதம், அமெரிக்காவின் இரண்டு முக்கிய எச்.ஐ.வி தடுப்பூசி ஆய்வுக் குழுமங்களுக்கான நிதி நீட்டிக்கப்படாது என்ற அறிவிப்பும் வந்தது.

ஆண்டுக்கு இரு முறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் என்ற தடுப்பு மருந்து வந்துவிட்டதே, இனித் தடுப்பூசி எதற்கு என்று கேட்போரும் உண்டு. அந்த மருந்தின் ஆற்றல் பெரிதுதான். ஆனால், அது உடலில் இருக்கும் வரைதான் காக்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஊசி தேடிப் போக வேண்டும். 2024-இல் மட்டும் உலகில் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டதாக ஐக்கிய நாட்டு எய்ட்ஸ் அமைப்பு கூறுகிறது. நீண்டகாலம் காக்கும் தடுப்பூசியின் தேவை தீர்ந்துவிடவில்லை.

ஆய்வு ஒன்று நிதியின்றி நிற்கலாம். ஆனால், அதில் ஊசி போட்டுக்கொண்டவரின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் அப்படியே இருக்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு மருந்தகத்தில் தவறான முடிவு வரும்போது, ‘இவருக்குத் தொற்றில்லை’ என்று சொல்ல ஓர் அலுவலகம் திறந்திருக்க வேண்டும். அதற்கான பணத்தைச் சோதனை தொடங்கும் முன்பே தனியாக ஒதுக்கி வைப்பதை விதியாக்கினால், அடுத்த தன்னார்வலர் தயங்காமல் கை நீட்டுவார்.