மறுத்துப் பழகியவர் கடன் தேடிப் போகையில்

அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கான சராசரி வட்டி, 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் என்ற வரலாறு காணாத தாழ்வுக்கு இறங்கி, மறு ஆண்டு அக்டோபருக்குள் 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டபோது, பழைய கடனைத் தீர்த்துக் குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் வாங்க முண்டியடித்த கூட்டம் ஒரேயடியாகக் கலைந்தது; அந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்துக்கொண்டிருந்த அண்டர்ரைட்டர்கள் பலருடைய உத்தியோகமும் அதோடு போயிற்று. அவர்களில் எனக்குத் தெரிந்த சிலர், வீட்டுக் கடனை விட்டு வர்த்தகக் கட்டடக் கடனுக்குள், அதிலும் பரிசீலிக்கிற மேஜைக்கு அன்றி, கடனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிற ஒரிஜினேட்டர் வேலைக்குப் போகலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். அந்த வழியில் நடந்து வந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

போகலாம். ஆனால் கையோடு எதைக் கொண்டுபோக முடியும் என்பதைப் பற்றி அநேகருக்கு இருக்கிற அபிப்பிராயம் சரியல்ல. வீட்டுக் கடனில் நாம் எடை போட்டது மனிதரை: அவருடைய சம்பளம், கடன் மதிப்பெண், மாத வருமானத்தில் தவணைகளுக்குப் போகும் பங்கு. அதிலும் முதல் தீர்ப்பை 1995லிருந்து வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் கணினி நிரலே சொல்லிவிடுகிறது. நம் வேலை பெரும்பாலும் அந்தத் தீர்ப்புக்குக் காகித சாட்சியம் சேர்ப்பதுதான். வர்த்தகக் கடனிலோ சம்பாதிப்பது கட்டடம். சொந்தக்காரர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், வாடகை வந்தால்தான் தவணை வரும். பெரிய கடன்கள் பலவற்றில், மோசடி போன்ற சில காரியங்கள் நீங்கலாக, அவருடைய சொந்தச் சொத்தின்மேல் கை வைக்கவும் நமக்கு அதிகாரம் கிடையாது.

கணக்கு எளிது. வாடகையிலிருந்து வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் போக ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் மிஞ்சுகிற ஒரு கடைத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தவணையைப்போல் 1.25 மடங்கு நிகர வருமானம் வேண்டும் என்று வங்கி சொன்னால், தவணை 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் போகக் கூடாது. முப்பதாண்டுத் தவணைக் கணக்கில், 3.5 சதவீத வட்டிக்கு அந்தத் தொகை சுமார் 44 லட்சம் டாலர் கடனைத் தாங்கும், 6.5 சதவீதத்துக்கு 31 லட்சத்துச் சொச்சத்தைத்தான் தாங்கும். கட்டடம் அதே கட்டடம். குடியிருக்கும் கடைக்காரர்களும் அவர்களே. முதிர்வில் அசலின் பெரும்பகுதியை மொத்தமாகத் திருப்ப வேண்டிய பத்தாண்டுக் கடனைக் குறைந்த வட்டிக் காலத்தில் வாங்கியவர்கள் இப்போது தூக்கம் கெட்டிருப்பதன் ரகசியம் இதற்குள்தான் இருக்கிறது.

கணக்கு எளிதென்றாலும் அதில் இடுகிற எண் எளிதன்று. வாடகைப் பட்டியலில் கடைகள் யாவும் நிரம்பியிருக்கின்றன என்று சொந்தக்காரர் பெருமையோடு நீட்டுவார். மூலையிலுள்ள பெரிய மளிகைக் கடையின் குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிகிறதென்றால், சிறிய கடைகளின் ஒப்பந்தங்களைப் புரட்டி, பெரிய கடை போய்விட்டால் தங்கள் வாடகையைக் குறைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டா என்று தேட வேண்டும்; அந்த ஷரத்து பெரும்பாலும் பின்பக்கங்களில், ஒருவரும் படிக்காத இடத்தில் கிடக்கும். பிறகு, குத்தகைதாரர் ஒவ்வொருவரும் தாம் தரும் வாடகை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, சொந்தக்காரரோடு வழக்கு எதுவுமில்லை என்று கையொப்பமிட்டுத் தரும் எஸ்டாப்பல் சான்றிதழைப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். சம்பளச் சீட்டில் ஒட்டு வேலையைக் கண்டுபிடித்துப் பழகிய கண்ணுக்குப் பிரயோஜனம் இங்கேதான்.

அண்டர்ரைட்டருக்கு வியாபார சாமர்த்தியம் வராது என்பது இந்தத் தொழிலில் வேதவாக்குப் போல் வழங்குகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. 44 லட்சம் வாங்கித் தருகிறேன் என்று வாயினிக்கச் சொல்லி, இரண்டு மாதம் அலையவிட்டு, கடைசியில் 31 லட்சத்தோடு வந்து நிற்கிற ஒரிஜினேட்டரிடம், சொந்தக்காரருக்காகக் கடன் தேடும் தரகர் மறுபடியும் போவதில்லை. காகிதங்களைப் பார்த்த மறுநாளே ‘இது நடக்காது, இன்ன காரணத்தால் நடக்காது, இவ்வளவு கேட்டால் நடக்கும்’ என்று சொல்கிறவரிடந்தான் அடுத்த கட்டடத்தையும் கொண்டுவருகிறார். மறுப்பதற்கு நாம் பழகியவர்கள். காலதாமதமின்றி, காரணத்தோடு, மரியாதையாக மறுப்பதைத்தான் புதிதாகக் கற்க வேண்டும். விருந்துகளில் சிரித்துப் பேசும் கலை வேறு. அது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, தொழில் நடக்கிறது.

உரிமம் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டுக் கடன் கொண்டுவருவோருக்கு 2008ஆம் ஆண்டின் சட்டம் விதித்த பதிவும் உரிமமும் வர்த்தகக் கடனைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் கலிபோர்னியா போன்ற மாநிலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. தங்கள் மாநிலத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

நேரே ஒரிஜினேட்டர் நாற்காலிக்குத் தாவாமல், முதலில் வர்த்தகக் கடன் பிரிவில் பரிசீலனை வேலையிலேயே ஓரிரண்டு ஆண்டு இருந்து, குத்தகைப் பத்திரங்களைப் படித்துப் பழகிவிட்டு மாறுவதே உசிதம் என்பேன். அப்படி மாறும்போது மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி கமிஷனாகிவிடும். ஒரு கடன் கைகூடப் பல மாதங்கள் செல்லும், கைகூடாமலும் போகும். ஆகையால், குடும்பஸ்தர்கள் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை வங்கியில் போட்டுவிட்டு ராஜினாமாக் கடிதத்தை எழுதுங்கள்.