பல்லு மேல பழி போடாதீங்க!

ஒன்றரை வயசுக் குழந்தைக்குக் காய்ச்சல்னு ஊருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க. மதுரையோ மன்னார்குடியோ, அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற முதல் பதில் இதுதான்: "கடைவாய்ப்பல்லு முளைக்குது, அதான்." பேதியா? பல்லு. வாந்தியா? பல்லு. ராத்திரி முழுக்க அழுகையா? சந்தேகமே இல்ல, பல்லு. சரி, போனை வச்சுட்டு இங்க வித்துராவுல பக்கத்து வீட்டுச் சேச்சிகிட்ட கேட்டா, அவங்களும் "பல்லு வருன்னதா"ன்னு சிரிக்கிறாங்க. முல்லைப் பெரியாறுல ஒத்துப்போகாத ரெண்டு மாநிலமும் இதுல மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை!

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பல் முளைக்கிறப்ப வலி உண்டு. எச்சில் ஒழுகும், ஈறு வீங்கும், பிள்ளை கன்னத்தையும் காதையும் பிடிச்சு இழுக்கும், தூக்கம் கெடும். கடைவாய்ப்பல் அகலமானது, அதனால முன்பல்லை விடப் படுத்தல் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கலாம். ஆனா நல்ல காய்ச்சல், பேதி, வலிப்பு இதெல்லாம் பல்லோட வேலை இல்லை. 2016ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல பல ஆய்வுகளைத் தொகுத்து அலசியிருந்தாங்க. உடம்புச் சூடு லேசா ஏறலாம், ஆனா அது காய்ச்சல்னு சொல்ற அளவுக்குப் போறதில்லைங்கறதுதான் முடிவு. 100.4 டிகிரியைத் தாண்டினா வேற காரணத்தைத் தேடணும்.

"அப்ப ஏன் எப்பப் பார்த்தாலும் ரெண்டும் சேர்ந்தே வருது?"ன்னு கேப்பீங்க. கணக்குப் போடுங்க. பால்பல் மொத்தம் 20. சுமார் 6 மாசத்துல ஆரம்பிச்சு, முதல் கடைவாய்ப்பல் 13லேர்ந்து 19 மாசத்துக்குள்ள, ரெண்டாவது 23லேர்ந்து 33 மாசத்துக்குள்ள வரும். அதாவது ரெண்டு வருஷத்துக்கு மேல ஏதாவது ஒரு பல் வந்துகிட்டேதான் இருக்கு. அதே காலத்துலதான் அம்மாகிட்டேர்ந்து வந்த எதிர்ப்புச் சக்தி தீர்ந்துபோகுது, பிள்ளை தவழ்ந்து கண்ணுல பட்டதையெல்லாம் வாயில வைக்குது. எந்த நோய் வந்தாலும் பக்கத்துல ஒரு பல் நின்னுகிட்டிருக்கும். பக்கத்துல நின்னவனையெல்லாம் குற்றவாளின்னா எப்படி?

இது நம்ம ஊர் மூடநம்பிக்கை மட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல இறப்புக்குக் காரணம் 'பல் முளைத்தல்'னு பதிவேட்டுலயே எழுதினாங்க. டாக்டர்களே ஈறைக் கத்தியால கீறினாங்க. அமைதிப்படுத்தறதுக்கு மார்ஃபின் கலந்த சிரப். பல்லுக்குன்னு பாதரச உப்புப் பொடி. அந்தப் பொடியால கை கால் சிவந்து தோல் உரிஞ்சு குழந்தைங்க செத்தாங்க. 'பிங்க் நோய்'னு பேர் வச்சாங்களே தவிர, பாதரசம்தான் காரணம்னு தெரிய 1940கள் ஆச்சு. பொடியை நிறுத்தினதும் நோயும் மறைஞ்சுபோச்சு. பல்லு கொல்லலை மக்களே, பல்லுக்குக் கொடுத்த மருந்துதான் கொன்னுச்சு.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2008ல் நைஜீரியாவுல 'மை பிகின்'ங்கற பல்வலி சிரப் குடிச்சு 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தாங்க. சிரப்புல டைஎத்திலீன் கிளைகால்ங்கற விஷம். அதே விஷம் 2025ல் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான 'கோல்ட்ரிஃப்' சளி சிரப்புல 48.6 சதவீதம் இருந்துச்சு. மத்தியப் பிரதேசத்துல 20க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் போயிடுச்சு. சளிக்கோ பல்லுக்கோ, அவசியமே இல்லாத ஒரு சிரப்பை எதுக்கு வாயில ஊத்தணும்?

அடுத்து ஈறுல தடவற ஜெல். மருந்துக்கடையில சர்வசாதாரணமா எடுத்து நீட்டறாங்க. வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் படிங்க. பென்சோகைன் இருந்தா, ரத்தம் ஆக்சிஜன் சுமக்கற திறனையே அது குறைச்சிடலாம். 2 வயசுக்குக் கீழ வேண்டாம்னு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2018ல் சொல்லிடுச்சு. லிக்னோகைன் பத்தி 2014லயே எச்சரிக்கை. கோலின் சாலிசிலேட், ஆஸ்பிரினோட சொந்தக்காரன். அது கலந்த வாய் ஜெல்லை 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத் தரக்கூடாதுன்னு பிரிட்டன் 2009ல் சொன்னது. இங்க அதை ஒன்றரை வயசு ஈறுல தடவறோம். வெளிநாட்டுல இருக்கற நம்ம ஜனங்க 'ஆம்பர்' மணிமாலை போட்டு விடறாங்க. அது கழுத்தை இறுக்கி 18 மாசக் குழந்தை இறந்ததை எஃப்.டி.ஏ. 2018ல் சொல்லியிருக்கு.

"நாங்கல்லாம் வசம்பு உரைச்சுக் குடிச்சு வளர்ந்தவங்கதான், ஒண்ணும் ஆகலை"ன்னு பாட்டிமார் சண்டைக்கு வருவாங்க. ஒண்ணும் ஆகாதவங்கதானே இன்னைக்குப் பேசறாங்க, ஆனவங்க எங்க வந்து பேசறது? ஆனா பாட்டிகிட்ட பாதி சரியாத்தான் இருக்கு. கடிக்க எதையாவது கொடு, மடியில போட்டுக்கோங்கறது அருமையான வைத்தியம். நோயைக் கண்டுபிடிக்கற வேலையை மட்டும் அவங்க தலையில கட்டாதீங்க.

வீட்டுல செய்யக்கூடியது இவ்வளவுதான். சுத்தமான துணியை நனைச்சு ஃப்ரிட்ஜ்ல (ஃப்ரீசர்ல இல்லை) குளிர வச்சு மெல்லக் கொடுங்க. கையைக் கழுவிட்டு விரலால ஈறை அழுத்தித் தேய்ச்சு விடுங்க. குளிர்ந்த தயிர், மசிச்ச நேந்திரம்பழம் தரலாம். பச்சைக் கேரட் வேண்டாம், அரைக்கற பல்லே இன்னும் வரலை, தொண்டையில அடைக்கும். ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது. வலி தாங்கலைன்னா டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால். பாட்டில் மாத்தறப்ப ஜாக்கிரதை! 5 மில்லியில 120 மில்லிகிராமும் உண்டு, 250ம் உண்டு. ஸ்பூன் அதேதான், மருந்து இரட்டிப்பு.

ஊரை விட்டு வந்து இருக்கற நமக்கு இதுல இன்னொரு சிக்கல். லீவு போட ஆள் இல்லை, ஆஸ்பத்திரியில மலையாளம் பேசத் தயக்கம், வெளிய விடாத மழை. 'பல்லுதான்'னு யாராவது சொன்னா மனசுக்கு நிம்மதியா இருக்கு. அந்த நிம்மதிதான் ஆபத்து. பொன்முடி அடிவாரத்துல மழைக்காலத்துக் காய்ச்சல்னா டெங்குவா இருக்கலாம், எலிக்காய்ச்சலா இருக்கலாம், ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். இதுல எதுவும் பல் வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்காது. பேதின்னா முதல் வேலை ஓ.ஆர்.எஸ்., கூட டாக்டரைக் கேட்டு 14 நாள் துத்தநாகம்.

ரெண்டு வயசுக்குக் கீழ காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினாலும், பிள்ளை துவண்டு கிடந்தாலும், தண்ணியே குடிக்கலைன்னாலும், மூத்திரம் குறைஞ்சாலும், மலத்துல ரத்தம் வந்தாலும், வலிப்பு வந்தாலும், கிளம்புங்க. வித்துராவுலயே தாலுகா ஆஸ்பத்திரி இருக்கு. பெரிய விஷயம்னா திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ராத்திரி சந்தேகம்னா கேரளாவுல 1056, ஆம்புலன்சுக்கு 108. மலையாளம் வரலைன்னா பரவாயில்ல, 'பனி'ன்னு சொல்லி நெத்தியைத் தொட்டுக் காட்டினாப் போதும், புரிஞ்சுக்குவாங்க.

போய் ஒண்ணுமில்லைன்னு டாக்டர் திருப்பி அனுப்பினா நஷ்டம் அரை நாள் லீவு. அடுத்த தடவை யாராவது 'பல்லுதான்'னு சொன்னா, வாதாட வேண்டாம். தலையை ஆட்டிட்டு, தெர்மாமீட்டரை எடுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அதனாலதான் டாக்டர்கிட்ட போங்கன்னு இவ்வளவு நீளமா எழுதியிருக்கேன்.